ஊடகம் தவறாகக் காட்டும்போது ஒரு ஆன்மிகக் குழுவுக்குள் என்ன நடக்கிறது?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். பல வருடங்களாக நீங்கள் இருக்கும் ஆன்மிகக் குழுவைப் பற்றி ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வந்தது. பழைய வீடியோக்களை வெட்டி ஒட்டி, உங்களையெல்லாம் மூளைச்சலவை செய்யப்பட்டவர்கள் போலக் காட்டியது. அன்றிலிருந்து மீம்கள், ஆபாசக் கமெண்டுகள், பெண்களின் படங்களை எடுத்துப் போட்டுக் கேலி, இரண்டு மூன்று மிரட்டல்கள். இது ஒரு குழுவை என்ன செய்யும் என்பது முதல் கேள்வி. பதில் சொல்வதா, சும்மா இருப்பதா என்பது இரண்டாவது. ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: நிகழ்ச்சியில் சொன்னதில் ஒன்றிரண்டு விஷயங்கள் உங்களுக்கே முன்பு உறுத்தியவைதான், இப்போது அதை உள்ளே யாரிடமும் பேச முடியவில்லை என்று. என்னைக் கேட்டால் உங்கள் உண்மையான கேள்வி அதுதான். மற்ற இரண்டையும் அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நான் மனநல ஆலோசகர். என்னிடம் வருபவர்களில் கணிசமானவர்கள் ஏதாவது ஒரு சமயக் குழுவில் இருப்பவர்கள், அல்லது இருந்து விலகியவர்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. அடிபட்டு நொந்தவர்கள்தான் என்னிடம் வருவார்கள். அதே அடியை வாங்கிக்கொண்டு நன்றாக இருப்பவர்களுக்கு என்னிடம் வேலை இல்லை. அதனால் நான் சொல்வது கொஞ்சம் மோசமான பக்கம் சாய்ந்திருக்கலாம். அந்த நிகழ்ச்சியை நான் பார்க்கவில்லை, உங்கள் குழுவையும் அறியேன். ஆகவே யார் பக்கம் நியாயம் என்ற தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஐயமில்லாமல் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். ஒதுக்கப்படுவது மனிதரைப் பாதிக்கிறது. அதுவும் மிக வேகமாக, மிக அற்பமான காரணத்துக்கே பாதிக்கிறது. கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கிய ஒரு கணினி விளையாட்டுச் சோதனை இருக்கிறது. திரையில் மூன்று பேர் பந்தை எறிந்து பிடிக்கிறார்கள். அதில் ஒருவர் நீங்கள். சிறிது நேரத்தில் மற்ற இருவரும் உங்களுக்குப் பந்து தருவதை நிறுத்திவிடுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். சில நிமிடங்களிலேயே மனநிலை சரிகிறது. தன்மதிப்பும் ‘நான் இங்கே ஒரு ஆள்’ என்ற உணர்வும் குறைகின்றன. எதிரில் ஆடுவது மனிதர்களே இல்லை, கணினிதான் என்று முன்கூட்டியே சொன்னாலும் இதே விளைவு. இன்னொரு சோதனையில், ஒதுக்குபவர்கள் பங்கேற்பாளர்கள் வெறுக்கும் ஒரு இனவெறி அமைப்பைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். அப்போதும் வலித்தது. ‘கமெண்ட் போடுகிறவர்களை நான் மதிப்பதே இல்லை, அப்புறம் ஏன் ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது’ என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். உங்கள் பக்தி போதாததால் வலிக்கவில்லை. மனித மனம் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒதுக்கப்படும்போது மூளையில் உடல் வலிக்கான பகுதிகளே தூண்டப்படுகின்றன என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வை வைத்துப் பலர் பேசுவார்கள். அந்த விளக்கம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வலி உண்மை என்று ஏற்பதற்கு மூளைப் படம் தேவையும் இல்லை.

ஆன்மிகக் குழுவில் இருப்பவருக்கு இதில் கூடுதலாக ஒரு அடி விழுகிறது. வேலையிடத்தில் கேலிக்கு ஆளான ஒருவர் மாலையில் தன் குருவிடமோ பிரார்த்தனைக் கூட்டத்துக்கோ போய் மனதை இறக்கி வைக்கலாம். உங்களுக்கு அந்த இடமே கேலிப் பொருளாகிவிட்டது. கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்தால் யாரோ எழுதிய கமெண்ட் முன்னால் வந்து நிற்கிறது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மந்திரத்தைக் கிண்டலாக்கி வந்த வீடியோவைப் பார்த்தபின் அந்த மந்திரத்தைச் சொல்லவே கூசியவர் உண்டு. இந்த இழப்பைக் குடும்பத்தாரிடம்கூட விளக்க முடியாது. அவர்களில் பாதிப் பேருக்கு அந்த நிகழ்ச்சியைப் பார்த்தபின் உள்ளூரச் சந்தேகம் வந்திருக்கும்.

அடி சமமாகவும் விழுவதில்லை. தலைவருக்குப் பாதுகாப்பு இருக்கும், வழக்கறிஞர் இருப்பார், சுற்றி ஆட்கள் இருப்பார்கள். உடையாலும் அடையாளத்தாலும் வெளியே தெரிகிற சாதாரண உறுப்பினரும், அவருடைய பள்ளிக்குப் போகும் குழந்தையும்தான் முதலில் மாட்டுவார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து நான்கே நாளில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மேசா என்ற ஊரில் பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியர் தன் பெட்ரோல் நிலையத்துக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பாகையும் தாடியும் போதுமானதாக இருந்தன. அவர் எந்த மதம் என்றுகூடச் சுட்டவனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு கேலியும் அங்கே போய் முடியும் என்று பயமுறுத்தவில்லை. யாரை முதலில் பாதுகாக்க வேண்டும் என்று யோசிக்கும்போது மேடையைப் பார்க்காமல் கடைசி வரிசையைப் பாருங்கள் என்கிறேன்.

ஊடகத் திரிபு எப்படி நடக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். அப்பட்டமான பொய் குறைவு. ஒரு மணி நேரப் பேச்சில் பத்து விநாடியை வெட்டுவது, ஒருவர் செய்ததை எல்லோர் தலையிலும் போடுவது, சாதாரணமான வழிபாட்டுக்குப் பின்னால் திகில் இசை போடுவது, இவைதான் அதிகம். பிறகு அது கைமாறும்போது அந்தப் பத்து விநாடியும் போய் ஒரு படமும் ஒரு வசவும் மட்டும் மிஞ்சுகின்றன. 2018இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 தகவல்களை எடுத்துப் பார்த்தது. பொய்யானவை மறுபகிர்வு ஆவதற்கு உண்மையைவிட 70 சதவீதம் கூடுதல் வாய்ப்பு இருந்தது. அதற்குத் தானியங்கிக் கணக்குகளைவிட மனிதர்களே முக்கியக் காரணம். அதற்கு முந்தைய வருடம் வந்த இன்னொரு ஆய்வில், அறம் சார்ந்த ஆவேசச் சொல் ஒன்று கூடும்போதெல்லாம் ஒரு பதிவின் பரவல் சுமார் 20 சதவீதம் கூடியது. ‘ஏமாற்றுக்காரன்’, ‘அசிங்கம்’ போன்ற சொற்கள் ஏன் இத்தனை தூரம் ஓடுகின்றன என்று இதிலிருந்து புரியும். மதம், குரு, பணம், பெண்கள் ஆகிய நான்கும் சேர்ந்த செய்தி என்றால் கேட்கவே வேண்டாம்.

மறுப்பு வெளியிட்டால் சரியாகிவிடுமா? பெரும்பாலும் ஆகாது. 1994இல் ஜான்சன், சைஃபர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கற்பனைத் தீ விபத்துச் செய்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். கிடங்கின் சிறு அறை ஒன்றில் எளிதில் தீப்பற்றும் பொருள்கள் இருந்தன என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு அது தவறு, அந்த அறை காலியாக இருந்தது என்று திருத்தினார்கள். படித்தவர்களுக்குத் திருத்தம் நினைவில் இருந்தது. ஆனாலும் தீக்குக் காரணம் கேட்டபோது பலர் அந்த இல்லாத பொருள்களையே சொன்னார்கள். வெறும் ‘இல்லை’ போதவில்லை. தீ எப்படிப் பிடித்தது என்பதற்கு வேறொரு விளக்கம் கொடுத்தபோதுதான் பழைய எண்ணம் தளர்ந்தது. ‘எங்கள் மீதான குற்றச்சாட்டுகள் அனைத்தும் அடிப்படையற்றவை’ என்று அறிக்கை விடுவதில் ஏன் பயனில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இதுவரை சொன்னது உங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இனிமேல் சொல்வது அப்படி இருக்காது. 1982இல் பெய்ரூட்டில் சப்ரா, ஷத்திலா அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய அதே தொலைக்காட்சிச் செய்திகளை, இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். இரண்டு தரப்பும் ‘இது எங்களுக்கு எதிரான செய்தி’ என்றன. 1985இல் வந்த இந்த ஆய்வுக்குப் பின் இதே விளைவு பல இடங்களில் பார்க்கப்பட்டிருக்கிறது. ஒன்றின் மேல் ஆழ்ந்த பற்று இருப்பவருக்கு நியாயமான செய்தியும் சாய்வாகவே தெரியும். ஆக, நிகழ்ச்சி திரித்துக் காட்டியது என்று உங்கள் குழுவே உறுதியாக நம்புவது, அது திரித்தது என்பதற்கு ஆதாரமாகாது. திரிக்கவில்லை என்பதற்கும் ஆதாரமாகாது.

வரலாறு இரண்டு பக்கமும் இருக்கிறது. 1992இல் பாஸ்டன் குளோப் நாளிதழ் ஒரு பாதிரியாரின் பாலியல் குற்றங்களை எழுதியபோது, அந்நகர கத்தோலிக்கத் தலைமைப் பேராயர் கர்தினால் பெர்னார்ட் லா, ஊடகங்கள் மேல், குறிப்பாக அந்தப் பத்திரிகை மேல், கடவுளின் வல்லமை இறங்கட்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். பத்து வருடம் கழித்து, 2002இல், அதே பத்திரிகை குற்றவாளிப் பாதிரியார்களை இடம் மாற்றி மாற்றி வைத்த கதையை முழுதாக வெளியிட்டது. அவர் அந்த டிசம்பரில் பதவி விலகினார். ‘ஊடகத் தாக்குதல்’ என்று முன்பு நம்பியவர்களில் எத்தனை நல்ல மனிதர்கள் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1977இல் அமெரிக்காவில் ஜிம் ஜோன்ஸ் என்ற மதத்தலைவரின் ‘மக்கள் ஆலயம்’ என்ற குழுவுக்குள் நடந்த கொடுமைகளை நியூ வெஸ்ட் இதழ் எழுதியதும் அப்படித்தான். கட்டுரை அச்சாவதற்கு முன்பே ஜோன்ஸ் தென் அமெரிக்காவிலுள்ள கயானாவுக்குப் போய்விட்டார். உள்ளே இருந்தவர்களுக்கு அது துன்புறுத்தலிலிருந்து தப்பித்த கதையாகச் சொல்லப்பட்டது. அடுத்த வருடம் நவம்பரில் அங்கே நடந்த கூட்டத் தற்கொலையிலும் கொலையிலும் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

எதிர்ப்பக்கத்துக்கு ஜப்பானில் நடந்ததைச் சொல்கிறேன். 1994 ஜூன் மாதம் மாட்சுமோட்டோ நகரில் விஷவாயு பரவிச் சிலர் இறந்தார்கள். முதலில் தகவல் சொன்ன யோஷியுகி கோனோ என்பவரையே போலீஸ் சந்தேகித்தது. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அவரைக் குற்றவாளி போலவே எழுதித் தள்ளின. அவர் மனைவி அதே வாயுவால் நினைவிழந்து கிடந்தார். வீட்டுக்கோ வசைக் கடிதங்கள் வந்தன. அடுத்த மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயிலில் அதே சாரின் வாயு வீசப்பட்ட பிறகுதான் இரண்டுமே ஓம் ஷின்ரிக்யோ என்ற குழுவின் வேலை என்று தெரிந்தது. ஊடகங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டன. கதை அதோடு முடியவில்லை. அந்தக் குழுவில் இருந்த, எந்தக் குற்றமும் செய்யாத சாதாரண உறுப்பினர்களைப் பல ஊராட்சிகள் குடியிருப்போராகப் பதிவு செய்யவே மறுத்தன. அப்படி மறுப்பது சட்டவிரோதம் என்று நீதிமன்றங்கள் சொல்ல வேண்டியிருந்தது. குழுவின் தலைமை கொடூரமானது என்பதும், கடைசி வரிசைக்காரர்களுக்கு அநியாயம் நடந்தது என்பதும் சேர்ந்தே உண்மை.

2020இலும் இதைப் பார்த்தோம். டெல்லி நிஜாமுதீன் தப்லீக் கூட்டத்தால் கொரோனா பரவியது உண்மை. ஆனால் அதை ஒரு மதத்தின் சதியாகவே ஊடகங்களில் ஓட்டினார்கள். அந்த ஆகஸ்ட்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அந்தக் கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்தபோது, அச்சு, காட்சி ஊடகங்களில் பெரும் பிரசாரம் நடந்ததையும், அவர்கள் பலிகடாவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம் என்பதையும் பதிவு செய்தது. அதே வருடம் தென் கொரியாவில் ஷின்சோன்ஜி என்ற சபையைக் கலைக்கச் சொல்லிப் பத்து லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்திட்டார்கள். தொற்றுத் தடுப்புக்கு இடையூறு செய்தார் என்ற குற்றச்சாட்டிலிருந்து அதன் தலைவர் விடுவிக்கப்பட்டார். சபைப் பணத்தைக் கையாடியதில் தண்டிக்கப்பட்டார். ஊரே கத்திய குற்றம் நிற்கவில்லை, வேறொன்று நின்றது. உங்கள் விஷயமும் இந்த வகையில் முடிய வாய்ப்புண்டு.

இப்போது குழுவுக்குள் வருகிறேன். வெளியிலிருந்து வெறுப்பு வரும்போது ஒரு குழு முதலில் பலப்படும். பாகுபாட்டை உணர்வது மனநலத்தைக் கெடுக்கிறது, ஆனால் அது குழுவோடு ஒட்டுதலையும் கூட்டுகிறது, அந்த ஒட்டுதல் கெடுதலில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது என்று அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 1999இல் காட்டியது. அதனால் முதல் சில மாதங்களில் சத்சங்கத்தில் கூட்டம் கூடும், ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுவார்கள், ‘இது நமக்கு வந்த சோதனை’ என்ற பேச்சு எல்லோருக்கும் தெம்பு தரும். அந்த அன்பு போலி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை பிறகுதான் தெரியவரும்.

விலை என்னவென்றால், உள்ளே கேள்வி கேட்பவர் வெளியே கல்லெறிபவரின் நாற்காலியில் உட்கார வைக்கப்படுகிறார். கணக்கு வழக்கைப் பற்றிப் போன வருடம் சாதாரணமாகக் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை இந்த வருடம் கேட்டால் ‘நீயும் அந்தச் சேனல் மாதிரியே பேசுகிறாயே’ என்பார்கள். யார் தகவலை வெளியே கொடுத்தது என்ற தேடல் ஆரம்பிக்கும். விலகிப் போனவர்களின் பெயரைச் சொல்வதே குற்றமாகும். பதில் சொல்லக் கிளம்பும் இளைஞர் பட்டாளம் கொஞ்ச நாளில் தானும் ட்ரோல் கும்பலாக மாறும். அவர்கள் முதலில் பாய்வது பத்திரிகையாளர் மேல் இல்லை, தங்களை விட்டுப் போன பழைய உறுப்பினர் மேல்தான். நடுவில் இருக்கும் நிதானமானவர்கள் சண்டை போடாமல், சொல்லாமல் கொள்ளாமல் வருவதை நிறுத்திவிடுவார்கள். மிஞ்சுவது மிகத் தீவிரமானவர்கள். அப்போது வெளியே வரும் அடுத்த வீடியோ, அந்த ஊடகம் முதலில் காட்டிய கேலிச்சித்திரத்துக்கு இன்னும் பொருத்தமாக இருக்கும். பொய்ச் செய்தியால் விழும் காயங்களில் மெதுவாக ஆறுவது இதுதான் என்பது என் கணிப்பு. உண்மையான புகாரையும் பொய்ப் புகாரையும் பிரித்துப் பார்க்கும் திறனையே குழு இழந்துவிடுகிறது. தவறு செய்யும் தலைவர் ஒருவர் இருந்தால், அவருக்கு இந்தப் பொய்ச் செய்தியைவிடப் பெரிய பாதுகாப்பு கிடைக்காது.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. கெட்ட பெயரால் ஒரு குழு நாளடைவில் சுருங்குமா, வளருமா என்பதற்குப் பொது விதி கிடையாது, இரண்டும் நடந்திருக்கின்றன. ஊடக அழுத்தம் குழுக்களை வன்முறைக்குத் தள்ளும் என்று சிலர் சொல்வார்கள். 1993இல் அமெரிக்காவின் வேகோவில், பிராஞ்ச் டேவிடியன் என்ற மதக் குழுவைப் பற்றி உள்ளூர் நாளிதழின் தொடர் வெளிவரத் தொடங்கிய மறுநாளே அதிகாரிகள் அந்தக் குழுவின் இடத்துக்குச் சோதனைக்குப் போனதும், முற்றுகை கடைசியில் பெருந்தீயில் முடிந்ததும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். அங்கே ஆயுதங்கள், தலைமை, அதிகாரிகளின் முடிவுகள் எனப் பல விஷயங்கள் பின்னிக் கிடந்தன. அதை ஊடகத்தின் தலையில் மட்டும் கட்டுவது நேர்மையாகாது.

சரி, பதில் சொல்வதா வேண்டாமா? ஒரே ஒரு பதில், ஒரே இடத்தில், தேதியுடன். அதற்கு முன்னால் நிகழ்ச்சியில் சொன்ன ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் எழுதிப் பிரியுங்கள்: பொய்யானவை, உண்மைதான் ஆனால் முன்பின் வெட்டப்பட்டவை, முழுக்க உண்மையானவை, விசாரிக்காமல் சொல்ல முடியாதவை. மூன்றாவது பிரிவு காலியாக இருந்தால் மறுபடி எழுதுங்கள். அநேகமாக யாரோ பயந்திருக்கிறார்கள். பதிலில் பொய்யை மறுக்கும்போது நடந்தது என்ன என்பதையும் சொல்லுங்கள், முழு வீடியோவையும் போடுங்கள், உண்மையானதை ஒப்புக்கொள்ளுங்கள். அதன்பின் கமெண்டுகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுத யாரையும் அனுப்ப வேண்டாம். வருகிற கமெண்டுகளைப் படித்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு பேர் முறை வைத்துப் படிக்கட்டும், மற்றவர்களுக்கு அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளை வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. பாதிப் பேரின் தூக்கத்தைக் கெடுப்பது எதிரிகள் இல்லை, ‘பாருங்கள் என்ன எழுதியிருக்கிறான்’ என்று முன்னனுப்பும் நம் ஆட்கள்தான். குழந்தைகள் இருக்கும் படங்களைப் பொதுப் பக்கங்களிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

உங்களை உறுத்தும் அந்த ஒன்றிரண்டு விஷயங்களுக்கு வருவோம். அவை நிர்வாகம், நடைமுறை சார்ந்தவை என்றால், நிர்வாகத்தில் இல்லாத, மூத்த, நீங்கள் நம்பும் ஒருவரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். ‘அந்த நிகழ்ச்சிக்கு முன்பே எனக்கு இது தோன்றியது’ என்று சொல்லித் தொடங்குவது உதவும். சேனலின் குரலாகக் கேட்காது. அதற்குப் பிறகு உங்களை எப்படி நடத்துகிறார்கள் என்பது, நிகழ்ச்சியைவிடவும் உங்கள் குழுவைப் பற்றி அதிகம் சொல்லும். ஆனால் அவை பணமோசடியோ, உடல் ரீதியான அத்துமீறலோ, குழந்தைகள் சம்பந்தப்பட்டதோ என்றால் உள்விசாரணையை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். அது போலீசிடம் போக வேண்டிய விஷயம். ‘இந்த நேரத்தில் போனால் நம் எதிரிகளுக்குத்தானே லாபம்’ என்று யாராவது சொன்னால், பாஸ்டனில் அப்படிக் காத்திருந்த வருடங்களில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

மிரட்டல்களைக் கேலியோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். முகவரி, வேலையிடம், குழந்தையின் பள்ளி இவற்றைக் குறிப்பிட்டு வருவதும், பெண்களின் படங்களை மாற்றி வெளியிடுவதும் உடனே புகார் கொடுக்க வேண்டியவை. அழிப்பதற்கு முன் கணக்கின் பெயர், இணைப்பு, தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கோபத்தில் பதில் எழுதிப் புகாரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். குழுவில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ குலைந்திருந்தால், வெளியே போகவே பயந்தால், ஜபம், தியானத்தை மட்டும் கூட்டச் சொல்லாமல் ஆலோசகரிடம் அனுப்புங்கள். சாக வேண்டும் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கே அழைத்துப் போங்கள், தனியாக விட வேண்டாம். ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடலாம்: ‘நான் இந்தக் குழுவில் இருக்கிறேன், அதை விட வேண்டுமா என்று கேட்க வரவில்லை, உங்களுக்குச் சம்மதமா?’ இதைக் கேட்டு முகம் சுளிக்கும் ஆலோசகரும் இருப்பார். வேறொருவரைப் பாருங்கள்.